கொழும்பின் தொகுதி வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு மத்தி, கொழும்பு வடக்கு, வெள்ளவத்தை என்று தங்கள் ஊர்களின் தேர்தல் வரலாற்றைத் தொகுக்க இளைஞர்கள் சிலர் முன்வருகிறார்கள். பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை, பல்கலைக்கழக ஆய்வுக்கு ஓர் அத்தியாயம், சங்கத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு பக்கம் என ஏதோவொரு தேவை அவர்களை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. அது நல்ல விஷயம். ஆனால் அவர்கள் எடுத்துவரும் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகள்தான் வரிசையாகத் தெரிகின்றன. அந்தக் குழிகளுக்கு மேல் ஒரு பலகையாவது போட்டுவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எண்ணைப் பிழையாகத் தட்டச்சு செய்வது, பெயரை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பிழைதிருத்துகிற எவரும் கண்டுபிடித்துவிடுவார். கூட்டல் சரியாக இருந்தும் முடிவு பிழைத்துப்போகும் இடங்களே என் கவலை.

ஒரே பெயரை நம்பி ஒரே தொகுதி என்று நினைப்பது

பாராளுமன்றத் தொகுதிகளின் எல்லைகள் மூன்று முறை வரையப்பட்டன. முதலாவது, எல். எம். டி. டி சில்வா தலைமையிலான ஆணைக்குழு 1946இல் வரைந்தது. அதன்படி 1947, 1952, 1956 தேர்தல்கள் நடந்தன. இரண்டாவது 1959இன் ஆணைக்குழு. அதன் எல்லைகளில் 1960இன் இரு தேர்தல்களும் 1965, 1970 தேர்தல்களும் நடந்தன. மூன்றாவது 1976இல் முடிந்தது. அந்த எல்லைகளில் தொகுதிக்குரிய உறுப்பினரைத் தெரிவுசெய்த பொதுத் தேர்தல் 1977இல் நடந்த ஒன்றே.

‘கொழும்பு மத்தி’ என்ற பெயர் இந்த மூன்று வரைவுகளிலும் இருக்கிறது. மூன்று உறுப்பினர்கள் என்பதும் மாறவில்லை. அதனால்தான் 1947இலிருந்து 1977 வரை ஒரே கோடு இழுத்து, வாக்காளர் தொகை இத்தனை மடங்கு கூடியது, இந்தக் கட்சி இத்தனை வீதம் இறங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். கோட்டுக்கு உள்ளே இருந்த தெருக்கள் எவை என்று கேட்டால் பதில் இராது. ஒப்பிட விரும்பினால் ஒரே வரைவுக்குள் ஒப்பிடுங்கள்: 1947ஐ 1956உடன், 1965ஐ 1970உடன். வரைவைத் தாண்டிப் போகும்போது, ‘இவ்விடத்தில் எல்லை மாறியது’ என்று வாசகருக்குத் தெரியும்படி ஒரு வரி எழுதுங்கள்.

பெயரே மறைந்துபோன தொகுதிகள் இதைவிடச் சிக்கலானவை. வெள்ளவத்தை - கல்கிசை என்றொரு தொகுதி 1947இல் இருந்தது. கொல்வின் ஆர். டி சில்வா அங்கிருந்துதான் முதல் பாராளுமன்றத்துக்குப் போனார். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள்ளே, கல்கிசை வெளியே, ஆனாலும் தொகுதி ஒன்று. 1959 வரைவில் அந்தப் பெயர் இல்லாமல் போய், தெகிவளை - கல்கிசை என்று ஒன்று வந்தது. 1976இல் அதுவும் போய் தெகிவளை வேறு, இரத்மலானை வேறு என்றாகின. கொழும்பு தெற்கின் கதையும் இப்படித்தான். 1947இல் ஓர் உறுப்பினர், 1959 வரைவில் இரண்டு உறுப்பினர்கள், 1976இல் அந்தப் பெயரே இல்லை. அதன் பிறகு நகரத்துக்குள் வடக்கு, மத்தி, பொரளை, கிழக்கு, மேற்கு என்ற ஐந்து. ஜே. ஆர். ஜயவர்தன 1970இல் கொழும்பு தெற்கிலும் 1977இல் கொழும்பு மேற்கிலும் வென்றார் என்றால், அவர் தொகுதி மாறிப் போனார் என்று எழுதுகிறார்கள். தொகுதிதான் அவரைவிட்டுப் போனது.

மூன்று வாக்கை மூன்று ஆட்களாக எண்ணுவது

என்னை இன்றுவரை கோபப்படுத்தும் தவறு இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கொழும்பின் வட பகுதியிலுள்ள ஒரு சங்கம் மலர் ஒன்று வெளியிட்டது. தொகுதியின் தேர்தல் வரலாறு என்று பதினைந்து பக்கக் கட்டுரை அதில் இருந்தது. எழுதியவர் கெட்டிக்காரத் தம்பி, உழைப்பாளி. தேர்தல் முடிவுகளை எடுத்து, கொழும்பு மத்தியில் வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளையெல்லாம் கூட்டி, பதிவுசெய்த வாக்காளர் தொகையால் வகுத்திருக்கிறார். இருநூறு வீதத்துக்கு மேல் வந்திருக்கிறது. அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்திருக்க வேண்டும். அவரோ, அந்தக் காலத்தில் கொழும்பு மத்தியில் கள்ள வாக்கு ஆறாக ஓடியது என்று ஒரு பந்தி எழுதி, யார் யார் அதனால் பலன் பெற்றிருக்கலாம் என்றும் கோடிகாட்டிவிட்டார். மலர் அச்சாகி விநியோகமும் ஆகிவிட்டது. அந்தத் தேர்தல்களில் வீடு வீடாக நடந்து வேலைசெய்த ஒருவரின் மகள், தன் தகப்பனார் செத்த பிறகு இப்படி ஒரு பழியா என்று கேட்டு வந்து நின்றார். மீதமிருந்த பிரதிகளில் அந்தத் தாளை வெட்டி எடுத்தார்கள். வெளியே போன பிரதிகளை யாரால் திருப்பி எடுக்க முடியும்? அதிலிருந்து மேற்கோள் காட்டி இன்னொரு கட்டுரையும் பிறகு வந்தது.

நடந்தது கள்ள வாக்கு அல்ல. கொழும்பு மத்தி ஒரு பல அங்கத்தவர் தொகுதி. மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்ததால் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். அந்த மூன்றையும் மூவருக்குப் பிரித்துப் போடலாம், ஒருவருக்கு இரண்டும் இன்னொருவருக்கு ஒன்றும் போடலாம், விரும்பினால் மூன்றையும் ஒரே ஆளுக்கே போடலாம். ஆகவே ஓர் ஆள் வந்து வாக்களித்துப் போனால் முடிவுப் பட்டியலில் மூன்று வாக்குகள் வரை ஏறும். இருநூறு வீதம் வந்தால் அதில் அதிசயம் எதுவுமில்லை.

இதை ஏன் வைத்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே இடத்தில் பல சமூகங்கள் கலந்து வாழும்போது, ஓர் உறுப்பினர் தொகுதியில் பெரிய கூட்டமே எப்போதும் வெல்லும். மூன்று இடங்களையும் மூன்று வாக்குகளையும் கொடுத்தால் சிறிய கூட்டத்துக்கும் ஓர் ஆளை அனுப்ப வழி உண்டாகும். மருதானை, மாளிகாவத்தை, புதுக்கடை என்று சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் மலாயரும் பறங்கியரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்த பகுதிக்கு அது பொருந்தியது. 1947இல் அங்கிருந்து தெரிவான மூவரைப் பாருங்கள்: தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்த மலாயரான ரி. பி. ஜாயா, பறங்கியரான கம்யூனிஸ்ட் பீற்றர் கெனமன். மூவரும் மூன்று கட்சி.

இனி கணக்குக்கு வருவோம். நூறு வாக்காளர்கள் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 26 பேர் தங்கள் மூன்று வாக்குகளையும் ஒரே ஆளுக்குப் போடுகிறார்கள். அவருக்கு 78. மிச்சம் 74 பேரும் தலைக்கு மூன்று வாக்குகளை மூன்று வேட்பாளருக்குச் சமமாகப் பிரிக்கிறார்கள். ஆளுக்கு 74. முதலிடம் யாருக்கு? நூற்றில் கால்வாசிப் பேரின் ஆதரவுள்ளவருக்கு. ஆகவே கொழும்பு மத்தியில் ‘முதலாம் உறுப்பினர்’ என்று ஒருவரைக் குறிப்பிட்டால், அவரே தொகுதியில் மிகப் பரந்த செல்வாக்குள்ளவர் என்று அந்தப் பட்டத்தை வைத்து எழுதக்கூடாது. அவர் உண்மையிலேயே அப்படி இருந்திருக்கலாம். அதை வேறு சான்று கொண்டு காட்டுங்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கட்சிக்கு 59 பேர், மற்றதற்கு 41 பேர். பெரிய கட்சி மூன்று வேட்பாளர்களை நிறுத்தி வாக்கைச் சமமாகப் பங்கிடுகிறது. மொத்தம் 177, ஆளுக்கு 59. சின்னக் கட்சி இருவரை மட்டும் நிறுத்துகிறது. மொத்தம் 123, ஒருவருக்கு 62, மற்றவருக்கு 61. மூன்று ஆசனங்களில் இரண்டு 41 பேருக்குப் போய்விட்டன. பெரிய கட்சிக்கு எஞ்சியது ஒன்று. எத்தனை பேரை நிறுத்துவது, எந்தத் தெருவில் எந்தப் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பது என்பதுதான் அங்கே தேர்தல் வேலையின் பாதி. வேட்பாளர் எண்ணிக்கையைக் குறிக்காமல் வெற்றி தோல்வியை மட்டும் அட்டவணை போட்டால் அந்தப் பாதி காணாமல் போகிறது.

மருதானையில் ஒரு வயதான ஹாஜியாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, “மூணு புள்ளடியும் பீற்றருக்குத்தான் போட்ட. மத்தவன்ட பேரப் பாக்கவும் இல்ல,” என்றார். பீற்றர் கெனமன் 1947இலிருந்து 1977 வரை முப்பது ஆண்டுகள் அந்தத் தொகுதியை விடாமல் வைத்திருந்ததை விளக்க, ஹாஜியாரின் இந்த ஒரு வரி பல பக்கக் கட்டுரைகளை விட எனக்கு உதவியது. அரசாங்கங்கள் மாறி மாறி வந்தன. 1956இல் பண்டாரநாயக்கவின் அலை வந்தது, 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி திரும்பியது, 1970இல் மறுபடி தோற்றது. கெனமன் இருந்தார். நெருக்கமாகக் கட்டப்பட்ட ஓர் ஆதரவுக் கூட்டம், மூன்று புள்ளடியையும் சிதறவிடாமல் ஒரே பெயரில் விழுத்தினால் அது நடக்கும். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியபோதும், கொழும்பு மத்தியில் ஆர். பிரேமதாசவுக்கும் ஜாபிர் ஏ. காதருக்கும் பிறகு மூன்றாவதாகத் தெரிவான ஹலீம் இஷாக் சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்காரர். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது எட்டே ஆசனங்கள். அவற்றில் ஒன்று தலைநகரின் நடுவிலிருந்து வந்தது எப்படி என்று எழுதப் புகுகிறவர், மூன்று வாக்கு முறையை விளக்காமல் மேலே போகக்கூடாது.

இந்தத் தவறு ஒரு தொகுதியோடு நிற்பதில்லை. 1947 முதல் 1977 வரையான நாடளாவிய கட்சி வாக்கு வீதங்களில் இந்தப் பெருகிய வாக்குகளும் கலந்திருக்கின்றன. கொழும்பு மத்தியில் பலமாக நின்ற ஒரு சிறிய கட்சியின் தேசிய வீதம், அதன் உண்மையான ஆதரவாளர் பங்கைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். முதல் வரைவில் ஐந்து பல அங்கத்தவர் தொகுதிகள் இருந்தன: கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர்களுடனும், கடுகண்ணாவ, அம்பலாங்கொடை - பலப்பிட்டிய, பதுளை, பலாங்கொடை ஆகியவை இரண்டிரண்டு உறுப்பினர்களுடனும். இரண்டாவது வரைவில் மத்தியோடு கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர். மூன்றாவதில் மத்தியோடு நுவரெலியா - மஸ்கெலியாவும் மூன்று உறுப்பினர் தொகுதி. காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌ. தொண்டமான் மூவரும் 1977இல் அங்கிருந்தே தெரிவானார்கள். மலையகத் தமிழ் வாக்கு பற்றி எழுதுகிற தம்பிமாரும் தங்கைமாரும் அந்த முடிவைத் தொடும்போது இந்தப் பந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வாக்களித்தோர் வீதத்தை எப்படிப் போடுவது? வாக்குகளின் மொத்தத்தை மூன்றால் வகுத்துவிடுகிறேன் என்று ஒரு மாணவி சொன்னார். அதுவும் சரிவராது. ஒரு வாக்கோ இரண்டு வாக்கோ மட்டும் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. மூன்றால் வகுத்து வருவது குறைந்தபட்ச எண்ணிக்கை, அவ்வளவுதான். வந்து வாக்களித்த ஆட்களின் தொகையைத் தனியாகத் தரும் அறிக்கை கையில் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் வீதத்தைப் போடாமல் விடுங்கள். வெறுமையான ஒரு கட்டத்தால் எவருக்கும் பழி வராது.

இடைத்தேர்தலில் இந்தக் குழி இன்னும் ஆழம். பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டதை எதிர்த்து 1975இல் ஜே. ஆர். ஜயவர்தன கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மறுபடி நின்று வென்றார். 1970இல் அந்தத் தொகுதி வாக்காளரிடம் இரண்டு வாக்குகள் இருந்தன. 1975இல் நிரப்ப வேண்டியிருந்தது ஓர் இடம், ஆகவே ஒரு வாக்கு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவருடைய செல்வாக்கு இவ்வளவு கரைந்தது என்று எழுதிய கட்டுரையை நான் படித்திருக்கிறேன். அவர் அந்த இடைத்தேர்தலில் பெரும் வெற்றி பெற்றவர்.

1960 என்று மட்டும் எழுதுவது

மார்ச்சா, ஜூலையா? அந்த ஆண்டில் பொதுத் தேர்தல் இரண்டு தடவை நடந்தது. பிரேமதாச மார்ச்சில் வென்றார், ஜூலையில் தோற்றார்.

தேர்தல் நாளை ஒரே நாளாக நினைப்பது

நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களித்தது 1960 மார்ச் 19இலிருந்துதான். 1947 தேர்தல் ஆகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை நடந்தது. 1956இல் மூன்று நாட்கள். ஓரிடத்து முடிவு அடுத்த இடத்து வாக்காளர் காதில் விழுந்த பிறகு அவர் வாக்களிக்கப் போன தேர்தல்கள் அவை.

வரலாற்றை 1947இல் தொடங்குவது

சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. கொழும்பின் தொகுதிகளுக்கு, பாராளுமன்றத்துக்கு முன் சட்டமன்றமாயிருந்த அரசாங்க சபையின் காலத்திலேயே ஒரு வரலாறு உண்டு, அதில் தமிழர் பங்கும் பெரிது. கொழும்பு வடக்கில் 1931இல் தெரிவான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து பதவியிழந்தபோது, 1932 இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். இலங்கைச் சட்டமன்றத்துக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவர். 1936இலும் அவரே வென்றார். கணவர் 1937இல் கொழும்பின் மேயரானார். இந்த இருவரையும் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் கொழும்பு வடக்கின் வரலாறு என்று தலைப்பிடுவது எனக்குப் பொறுக்காது. இரண்டு தலைமுறைக்கு முன் நம் தெருக்களில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் பல சமூகத்தவரும் வாக்களித்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சனத்தொகையைப் பார்த்து வாக்காளரை ஊகிப்பது

குடிசன மதிப்பீட்டில் ஒரு பகுதியின் தமிழர் தொகையைப் பார்த்து, இத்தனை வீதம் தமிழ் வாக்கு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வாக்குரிமைச் சட்டத்தில் செய்த திருத்தமும் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. இதைத் தோட்டங்களின் கதையாக மட்டுமே பலர் படித்திருக்கிறார்கள். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் மாநகர சபையின் துப்புரவு வேலையிலும் இருந்த ஏராளமானோர் அதே சட்டத்தின் கீழ் வந்தவர்களே. அவர்கள் கொழும்பில் குடியிருந்தார்கள், குடிசன மதிப்பீட்டில் எண்ணப்பட்டார்கள், இடாப்பில் இல்லை. 1947இலும் 1952இலும் ஒரே தெருவின் இடாப்பை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

எல்லை நிர்ணயத்திலும் இது புகுந்திருக்கிறது. 1972 வரை நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியல் யாப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்குப் பகிர்ந்தார்கள். எண்ணியது ஆட்களை, வாக்காளரை அல்ல. தோட்டத் தொழிலாளர் வாக்கிழந்த பிறகும் அவர்களின் தலைகளைக் கணக்கில் வைத்துக் கிடைத்த ஆசனங்கள் மலைநாட்டில் அப்படியே இருந்தன. அங்கே வாக்குரிமை மிஞ்சியவர்களின் வாக்கு கனத்தது. மேல் மாகாணமோ ஏறக்குறைய 1,400 சதுர மைல் பரப்புள்ளது. பரப்பளவுக் கணக்கில் அதற்குக் கிடைத்தது ஓர் ஆசனமே. கொழும்பில் ஓர் உறுப்பினருக்கு இருந்த வாக்காளர் தொகை ஏன் அவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இந்த இரண்டு காரணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1977இன் ‘கொழும்பு மாவட்டம்’

கம்பஹா மாவட்டம் 1978இல் பிரிந்தது. அதற்கு முந்திய பட்டியல்களில் கொழும்பு மாவட்டம் என்றால் நீர்கொழும்பும் அத்தனகல்லையும் களனியும் உள்ளே. அந்த மொத்தத்தை 1989இன் கொழும்பு மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள்.

மாநகர சபை வட்டாரங்களைத் தொகுதியோடு ஒட்டுவது

வட்டாரம் வேறு சட்டம், வேறு வர்த்தமானி. பழைய 47 வட்டாரங்களின் முடிவைக் கூட்டிப் பாராளுமன்றத் தொகுதி முடிவு செய்யக்கூடாது.

1989க்குப் பிறகும் ‘கொழும்பு மத்தி எம்.பி.’ என்பது

1978 யாப்பின் கீழ் விகிதாசார முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ரவரி 15இல் நடந்தது. இடையில் 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு பழைய பாராளுமன்றத்தையே நீட்டியதால், 1977இல் தெரிவானவர்கள் 1988 முடிவு வரை உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு தொகுதிக்கு உறுப்பினர் கிடையாது. 15 தொகுதிகளைக் கொண்ட கொழும்புத் தேர்தல் மாவட்டத்துக்கே உறுப்பினர்கள். தொகுதிக்குக் கட்சி அமைப்பாளர் இருப்பார், அவர் எம்.பி.யாகவும் இருக்கலாம். கொழும்பு மாவட்டத்தில் 2001இல் மனோ கணேசனும் 2004இல் தி. மகேஸ்வரனும் தெரிவானார்கள் என்றால், வாக்குகள் மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்தவை. அவர்களை ஒரு தொகுதிக்குள் அடைத்து எழுதினால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவிசாவளைப் பக்கத்திலும் தனித்தனியே சிறுபான்மையாயிருந்த தமிழ் வாக்குகள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளை அனுப்பிய செய்தியே அழிந்துவிடும்.

விருப்பு வாக்கும் மூன்றுதான். பழைய மூன்று வாக்கையும் இதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இப்போது முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆசனங்கள் அதைக் கொண்டே பகிரப்படும். அதற்குப் பிறகு அந்தக் கட்சிப் பட்டியலிலிருந்து வெவ்வேறு மூவர் வரைக்கும் விருப்பு. மூன்றையும் ஒருவருக்குக் குவிக்க முடியாது. ஹாஜியாரின் வித்தை இங்கே செல்லாது. இரண்டு வேட்பாளரின் விருப்பு வாக்குகளைக் கூட்டி இத்தனை ‘பேர்’ ஆதரித்தார்கள் என்பதும் பிழை, ஒரே ஆள் இருவருக்கும் போட்டிருப்பார்.

இன்னொன்று. தொகுதிவாரி முடிவுகளைக் கூட்டினால் மாவட்ட மொத்தம் வராது. தபால் வாக்குகள் தனியாக வெளியிடப்படுகின்றன. கூட்டல் இடிக்கிறது என்று எண்களை ‘திருத்தி’ வைக்காதீர்கள்.

பழைய வீதிப் பெயரைத் தேடாமல் வரைபடம் கீறுவது

எல்லை விவரணங்கள் வீதி, கால்வாய், ரயில் பாதை என்று நடந்துபோகும். 1946இலோ 1959இலோ எழுதியதை இன்றைய வரைபடத்தில் தேடினால் பாதி வீதிகள் கிடைக்கமாட்டா. புல்லர்ஸ் வீதி இன்று பௌத்தாலோக மாவத்தை. டரட் வீதி தர்மபால மாவத்தை. கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையானது. தேசிய சுவடிக்கூடத்தில் அந்தந்தக் காலத்து நகர வரைபடத்தையும் கேட்டு வாங்கி, ஆணைக்குழு அறிக்கையை அதன் மேல் வைத்துப் படியுங்கள். எல்லையாகச் சொல்லப்பட்ட வீதியின் இரு பக்கமும் ஒரே தொகுதியில் இருந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். எதிரெதிர் வீட்டுக்காரர் வெவ்வேறு தொகுதியில் வாக்களித்த தெருக்கள் கொழும்பில் நிறைய உண்டு.

ஆசனம் குறைந்ததை எல்லை மாற்றம் என்பது

கொழும்புத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 20 ஆசனங்கள். 2010இல் 19. 2024இல் 18, கம்பஹாவுக்கு 19. இதைப் பார்த்துவிட்டு, கொழும்பின் எல்லையைச் சுருக்கிவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். கொழும்பை விட்டு ஆட்கள் போய்விட்டார்கள் என்றும் எழுதுகிறார்கள். எல்லை மாறவில்லை. 1976இல் வரைந்த 160 தொகுதிகளின் கோடுகளிலேயே இன்றும் முடிவுகள் வெளியாகின்றன. மாறுவது பங்கீடு. மொத்தம் 196 மாவட்ட ஆசனங்களில் 36ஐ ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காக ஒதுக்கியபின், மிச்சம் 160ஐ மாவட்டங்களில் பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்பப் பகிர்கிறார்கள். கொழும்பின் இடாப்பு வளர்ந்துகொண்டேயிருந்தாலும், மற்ற மாவட்டங்களின் இடாப்பு அதைவிட வேகமாக வளர்ந்தால் கொழும்புக்கு ஓர் ஆசனம் குறையும். ஆகவே ஆசன எண்ணிக்கையை எழுதும்போது, எந்த ஆண்டின் இடாப்பை வைத்துப் பகிரப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தேர்தல் நடந்த ஆண்டும் இடாப்பின் ஆண்டும் பல தடவை வேறு வேறு.